நாற்பத்தேழாம் பக்கம்

…அதே பெயரில், அதே இரண்டு தலைப்பெழுத்தோடு, இன்னொரு வக்கீல் அந்தக் காலத்தில் இருந்திருக்கக் கூடாதா என்ன, ஒரே வகுப்பில் ஒரே பெயரில் நாலு பிள்ளைகள் படிப்பதில்லையா, என்று நாற்பத்தேழாம் பக்கத்தை மூடினார், மூடிய கையோடு திறந்து மறுபடி பார்த்தார், பெயர் எங்கேயும் ஓடிவிடவில்லை, ‘மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்’ என்ற வரிக்கு எதிரே மை மங்கிய தட்டச்சில் அப்படியே இருந்தது, கூடவே அவருடைய பழைய அலுவலக முகவரியும்... பெயர் ஒன்றாக இருக்கலாம், தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கலாம், முகவரியுமா. நகர மன்றக் கூட்ட அறையில் மணி மூன்றே கால், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாவது பொருளிலேயே இந்த மனிதர்கள் குடித்தனம் வைத்துவிட்டார்கள், தெருவிளக்குக் கம்பத்துக்குப் பச்சை பூசுவதா சாம்பல் பூசுவதா என்று முக்கால் மணி நேரமாக, விளக்கு எரிந்தால்தானே கம்பத்தின் நிறம் தெரிய, இதைக் கேட்டுக்கொண்டு உட்காரத்தான் பத்து வருடம் சட்டமன்றத்தில் இருந்தேனா என்று மாதம் ஒரு தடவை அவர் தன்னையே கேட்டுக்கொள்வார், இன்றைக்கு அதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அறுபத்து மூன்று வயது. கடைசியாகக் கோர்ட் படி ஏறிப் பதினைந்து வருடமாகிறது. ஆனால் வாசல் காவலாளியிலிருந்து தலைவர்வரை இங்கே எல்லோருக்கும் அவர் இன்னமும் ‘வக்கீல் சார்’தான், அந்தப் பட்டம் அவரைக் கைவிடவில்லை, இப்போது பார்த்தால் அந்த வேலையும் கைவிடவில்லை போலிருக்கிறது.

இந்தப் பக்கம் இங்கே வந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது, அவரைத்தான் சொல்ல வேண்டும். கால்வாய் நடைபாலம், மூன்று வருடமாக எல்லாக் கூட்டத்திலும் கடைசிப் பொருளாக வந்து, ‘சட்டச் சிக்கல் காரணமாக ஒத்திவைக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் படுத்துக்கொள்ளும், எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். போன மாதம் அவருக்குப் பொறுமை போய்விட்டது, மேசையில் ஓங்கி அடித்தார், உள்ளங்கை இரண்டு நாள் வலித்தது, ‘என்ன சிக்கல், யார் போட்ட சிக்கல், காகிதத்தைக் கொண்டாங்க, அடுத்த கூட்டத்துல ஒரு தாள் விடாம எல்லா உறுப்பினர் கையிலயும் இருக்கணும், இந்தப் பாலத்தை யார் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு ஊருக்குத் தெரியணும்’ என்றார், பத்திரிகையில் படத்தோடு வந்தது. தலைவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் ‘டீச்சர்’, சொன்னதைச் சொன்னபடி செய்வதைத் தவிர அவருக்கு வேறு அரசியல் தெரியாது, செய்துவிட்டார், இருபத்தாறு உறுப்பினர்களுக்கு இருபத்தாறு கட்டு, ஒவ்வொன்றிலும் நாற்பத்தேழாம் பக்கம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மேற்குக் கரையில் சாலையை அகலப்படுத்த நகராட்சி நிலம் எடுக்கப் போனபோது, அங்கே அரவை ஆலை வைத்திருந்தவர் கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியிருக்கிறார், வழக்கு முடியும்வரை அந்த நிலத்தில் நகராட்சி ஒரு செங்கல் வைக்கக் கூடாது, இன்றைக்குக் கட்ட வேண்டிய பாலம் போய் இறங்க வேண்டியது அதே நிலத்தில், வழக்கின் தற்போதைய நிலை: நிலுவை. அதற்குக் கீழே அந்த வரி, அந்தப் பெயர். தேநீர் இடைவேளையில் மன்றத்தின் சட்ட ஆலோசகர், முப்பது வயதுகூட ஆகாத பெண், கையில் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றாள், “நாப்பத்தேழு பாத்தீங்களா சார்?” என்றாள், “ம்” என்றார், “உங்க தரப்புல இனிமே வழக்கை நடத்தலன்னு இன்னைக்கு மன்றத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா தீர்மானத்தை நிறைவேத்திடலாம் சார், எழுத்துல அப்புறம் கோர்ட்ல குடுத்துக்கலாம், இந்த மாசத்தோட அரசாங்க அனுமதி காலாவதி ஆகுது, அதான் சொன்னேன்” என்றாள், நக்கலாக ஒரு சிரிப்பு சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, மரியாதையாக நகர்ந்து போனாள்.

அந்த நாள் நினைவிருக்கிறதா என்றால், நன்றாக நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை. நாற்பத்தொரு வயது, கறுப்புக் கோட்டு தோளில் கச்சிதமாக உட்கார்ந்த காலம், எதிர்த்தரப்பில் அரசாங்க வக்கீல் மூன்று பேர், இவர் ஒற்றை ஆள், இருபது நிமிடம் பேசினார், நீதிபதி பேனாவை எடுத்ததும் தெரிந்துவிட்டது தடை கிடைத்துவிட்டதென்று, ஆலைக்காரர் வராண்டாவிலேயே இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஆறு மாதத்துக்கு வக்கீல்கள் சங்க அறையில் அதைப் பற்றித்தான் பேச்சு... அப்போது அவருக்கு ஒரு கொள்கை இருந்தது, வழக்கு நடக்கிற இடத்தைப் போய்ப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மனசு இளகும், காகிதத்தை மட்டும் பார்க்க வேண்டும், காகிதம் அழாது. அதனால் அந்த நிலம் அவருக்கு ஒரு புல எண்ணாகத்தான் தெரியும், நாலு எல்லையும் எண்களாகத்தான் தெரியும், அதன் கிழக்கெல்லையில் ஓடுவது இந்தக் கால்வாய் என்றோ, ஆலைச் சுவருக்குப் பின்னால் கரை என்றோ... தெரியாதா, உண்மையாகவே தெரியாதா, இல்லை தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டாயா. தடை வாங்கியாயிற்று, இனி வழக்கு முடிந்தால்தான் ஆபத்து, முடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது அவருக்குக் கைவந்த கலை, தேதி வரும்போதெல்லாம் ஒரு காரணம் சொல்லி அடுத்த தேதிக்குத் தள்ளுவது, சாட்சிக்குக் காய்ச்சல், ஆவணம் நகல் எடுக்கப் போயிருக்கிறது, வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வாதம், எதிரிகள் அவருக்கு வைத்திருந்த பெயரே ‘வாய்தா’, அவர் அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு அன்று சாயங்காலமே சொன்னார், இந்தக் கட்டுக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம், தேதி வந்தால் வாய்தா வாங்கு, ஜூனியர் யார் கிடைத்தாலும் எனக்குப் பதிலாகக் கோர்ட்டில் நிறுத்து. குமாஸ்தா நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர்.

அதற்கப்புறம் வாழ்க்கை அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது, இழுத்ததா, இவர்தான் அதன் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனாரா. பழைய இரும்பு நடைபாலம் துருப்பிடித்து ஆட்டம் கண்டதென்று அதைப் பிரித்த வருடம்தான் ஊரே கொதித்தது, தையல் ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கால்வாயைக் கடக்கக் குடிநீர்க் குழாய் மேலே நடக்க ஆரம்பித்தார்கள், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் செருப்பு, அதைப் படமெடுத்து நோட்டீஸ் அடித்து, ‘பாலம் கட்டுவேன்’ என்ற இரண்டே சொல்லில் நகர மன்ற உறுப்பினரானார், நாலு வருடத்தில் அதே இரண்டு சொல்லோடு சட்டமன்றம் போனார். அங்கே என்ன குறை வைத்தார், கேள்வி நேரத்தில் ஏழு தடவை எழுந்தார், ‘சட்டச் சிக்கல் நிலுவையில் உள்ளது’ என்று ஏழு தடவையும் ஒரே பதில், அமைச்சர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் வாசிப்பார், சட்டச் சிக்கலாம், காதில் பூச் சுற்றுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவார், ஏனென்றால் சட்டச் சிக்கல் என்ற சாக்கை எத்தனை கட்சிக்காரர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார், அது சாக்குத்தான் என்று அவரைவிட யாருக்குத் தெரியும். என்ன சிக்கல் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கோப்பை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை புரட்டியிருந்தால்... ஊருக்கெல்லாம் கோப்பைப் படி கோப்பைப் படி என்று உபதேசம் செய்தவர். இரண்டு தடவை ஜெயித்தார், மூன்றாவது தடவை மக்கள் அதே நோட்டீஸைத் திருப்பி நீட்டி, பாலம் எங்கே என்றார்கள், மண்ணைக் கவ்வினார். இரண்டு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்தார், பிறகு வெட்கத்தை விட்டு மறுபடி நகர மன்றத்துக்கு நின்றார், சட்டமன்றத்தில் இருந்தவர் வார்டுக்கு நிற்கிறாராமே என்று சிரித்தவர்கள் சிரிக்கட்டும், பாலத்தைக் கட்டாமல் கண்ணை மூட மாட்டேன் என்றார், அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார், இன்றைக்கும் நம்புகிறார்.

பத்தாவது பொருள், கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார், எதற்கென்று தெரியாது. தூக்கிய கையை இறக்கும்போது கண் தானாக மாடத்துக்குப் போனது, பார்வையாளர் மாடத்தின் முதல் பெஞ்சில் அக்கா, எப்போதும்போல அதே ஓரத்தில், மடியில் துணிப்பை, பையில் தண்ணீர் பாட்டிலும் ஆஸ்பத்திரிக் கோப்பும். அவரைவிடப் பதினோரு வயது மூத்தவள், எழுபத்து நாலு, செவ்வாய் வியாழன் சனி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஆஸ்பத்திரி கால்வாய்க்கு அந்தக் கரையில், அக்கா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியும், பாலம் இருந்தால் ஐந்து நிமிடம், இல்லாததால் ரயில்வே கேட்டைச் சுற்றி ஆட்டோவில் முக்கால் மணி நேரம், கேட் போட்டிருந்தால் இன்னும் அதிகம், திரும்பி வரும்போது அக்காவுக்குத் தலை நிற்காது, ஆட்டோக் கம்பியில் சாய்த்துக்கொண்டே வருவாள். முதல் தேர்தலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தது அவள்தான், “எந்தம்பி சொன்னாச் செய்வான்” என்று ஒரு வீடு விடாமல் சொன்னவள். மூன்று வருடமாக மாதக் கடைசிப் புதன்கிழமை தவறாமல் வந்து அந்த பெஞ்சில் உட்காருகிறாள், கூட்டம் முடிந்ததும் படியில் நின்று ஒரே கேள்வி, “வருமாடா?”, இவர் “வரும்க்கா” என்பார், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு குறை சொன்னதில்லை. இல்லை, ஒரு தடவை... போன வருடமா, மழைக்காலம், குழாய் மேலிருந்து ஒரு பெண் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த வாரம், இவர் அக்கா வீட்டில் நின்று குதித்துக்கொண்டிருந்தார், கோப்பை எவனோ ஒளித்து வைத்திருக்கிறான், எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று, அக்கா மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாவதானமாக, “உன் ஆபீஸ் அலமாரியில தேடிப் பாத்தியாடா?” என்றாள், இவர் சிரித்தார், அக்காவும் சிரித்தாள், சிரித்தாளா, இப்போது நினைத்துப் பார்த்தால் இவர் மட்டும்தான் சிரித்த மாதிரி இருக்கிறது.

பதினொன்றாவது பொருள் நடக்கும்போது எழுந்து வராண்டாவுக்குப் போய் குமாஸ்தாவுக்குப் போன் போட்டார். பழைய அலுவலகத்தை இன்னமும் மூடவில்லை, பெயர்ப்பலகை தொங்குகிறது, அரசியல்வாதிக்கு ஒரு தொழில் இருக்கிறதென்று காட்ட அது வேண்டியிருந்தது, குமாஸ்தா தினமும் திறந்து, கூட்டி, தபால் வாங்கி, சாயங்காலம் பூட்டுகிறார். அந்த அரவை ஆலை வழக்கு என்ன ஆச்சு என்று கேட்டார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். “நல்லா நடந்துட்டு இருக்கு சார்,” என்றார் குமாஸ்தா, குரலில் அத்தனை பெருமை, “இதுவரைக்கும் எழுபத்தொம்பது வாய்தா, ஒண்ணுகூடத் தவறல, போன மாசம்தான் நம்ம எதிர் அறைப் பையனை நிறுத்தி வாங்கினேன்.” ஆலைக்காரர் செத்துப்போயே எட்டு வருடமாயிற்றே என்று கேட்கத் தோன்றியது, அந்தக் கேள்வி தொண்டைக்கு வரும்போதே அதன் பின்னால் இன்னொன்றும் வந்து நின்றது, வராமல் இருந்திருக்கலாம்... ஆலைக்காரரின் மகன், வெளிநாட்டில் இருப்பவன், அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தவன், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கே வந்தான், ‘எங்களுக்கு அந்த இடமே வேண்டாம் சார், ஆலையையே இடிச்சாச்சு, வழக்கை முடிச்சு விட்டுடுங்க’ என்று ஒரு கடிதம் கொடுத்தான், வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள், மாநாட்டு வேலை, இவர் வாங்கி, படிக்காமல், ‘பார்க்கலாம்’ என்று அதை மேசையில் வைத்தார். “அந்தப் பையன் குடுத்த கடிதம்...” என்று இழுத்தார். “இருக்கு சார், அலமாரியில மேல் தட்டுல, நீங்க அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்க, நான் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன், அவசரம் இல்லன்னீங்க.” குமாஸ்தாவின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி ஒரு துளி இல்லை, கொடுத்த வேலையைச் செய்த மனிதனின் நிம்மதி மட்டும்தான். யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்போல இருந்தது, எரிந்து விழ ஆளில்லை, “சரி, வைங்க” என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் ‘ஒலிபெருக்கி’, எதிர்க்கட்சிக்காரர், மைக்கே தேவையில்லாத தொண்டை, நாற்பத்தேழாம் பக்கம் அடங்கிய அந்தக் கட்டை விசிறியாக்கி முகத்துக்கு வீசிக்கொண்டிருந்தார், வீசும்போது பக்கங்கள் படபடவென்று விரிந்து மூடின, விரியும்போதெல்லாம் இவர் கண் அங்கேயே போனது, அந்த மனிதர் கட்டைத் திறந்து படிக்கிற பழக்கம் உள்ளவரில்லை, இந்த அறையில் யாருக்குத்தான் அந்தப் பழக்கம், ஆனால் விதி யாரை விட்டது, எச்சில் தொட்டு ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும், இருபது வருடப் பிழைப்பு சந்தி சிரித்துவிடும். பாலத்தைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று ஊருக்குத் தெரியணும் என்றாயே, தெரிந்துவிடும். எழுந்து நானே சொல்லிவிட்டால் என்ன. ‘நான்தான் அந்த வக்கீல், எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, வழக்கை இனி நடத்தப்போவதில்லை, தீர்மானத்தை நிறைவேற்றுங்கள்’, எண்ணிப் பத்துப் பன்னிரண்டு சொல், பாலம் வந்துவிடும், அடுத்த வருடம் அக்கா ஐந்து நிமிடத்தில் நடந்து போவாள். ஆனால் யார் நம்புவார்கள், இன்றைக்குத்தான் தெரிந்ததாம், வக்கீலுக்குத் தன் வழக்கே தெரியாதாம், இவரே எதிர் வரிசையில் இருந்தால் நம்புவாரா, கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். வேண்டாம், நிதானமாக யோசி, அடுத்த வாரமே மனு போட்டுச் சத்தமில்லாமல் வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம், அடுத்த கூட்டத்தில் தடை நீங்கிவிட்டது என்று நல்ல செய்தியாகவே சொல்லலாம், அந்த ஆலோசகப் பெண் நல்ல பெண், வாயைத் திறக்க மாட்டாள்... அரசாங்க அனுமதி? காலாவதியானால் மறுபடி விண்ணப்பம், போன தடவை விண்ணப்பம் நகர நாலு வருடம் எடுத்தது, இந்தத் தடவை முன்னைவிடச் சீக்கிரம் ஆகும், தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அக்காவுக்கு நாலு வருடம் இருக்கிறதா? அந்தக் கேள்வியை யார் கேட்டது, அவர் கேட்கவில்லை. தன் தரப்பையும் எதிர்த்தரப்பையும் அவரே வாதாடிக்கொண்டிருந்தார், தீர்ப்புச் சொல்லத்தான் யாருமில்லை.

“பொருள் எண் பதினாலு,” என்றார் டீச்சர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “கால்வாய் நடைபாலம். விவரமெல்லாம் எல்லாருக்கும் குடுத்தாச்சு. வக்கீல் சார்தான் கேட்டிருந்தார். சொல்லுங்க சார்.” எழுந்தார். ஆலோசகப் பெண் பேனாவைத் திறந்து காகிதத்தில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள், ஒலிபெருக்கி விசிறுவதை நிறுத்தினார், மாடத்தில் அக்கா முன்னால் சாய்ந்து கைப்பிடிக் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டாள், அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார், அதில் சந்தேகமே இல்லை, ‘நான்தான்’ என்பதுதான் நாக்கு நுனியில் இருந்தது, ஆனால் முப்பது வருடம் பழகிய வாய் அவரைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது, “தலைவர் அவர்களே, இப்பதான் ஆவணங்கள் கைக்குக் கிடைச்சிருக்கு, முழுசாப் படிச்சுப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் வேணும்” என்றது, கோர்ட்டில் சொல்கிற அதே குரல், அதே பணிவு, கழுத்தைக் கொஞ்சம் சாய்க்கிற அதே சாய்ப்பு. டீச்சர் பேனாவை நிறுத்தினார், “இந்த மாசத்தோட அனுமதி முடியுது சார், தெரியுமில்ல?” என்றார். “தெரியும்” என்றார். யாராவது எதிர்ப்புச் சொல்வார்கள் என்று ஒரு கணம் காத்திருந்தார், சொல்லுங்களேன் என்று உள்ளே யாரோ கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது, ஒலிபெருக்கியே, உனக்கு இன்றைக்கென்று தொண்டை கட்டிக்கொண்டதா, ஒருவரும் சொல்லவில்லை, மணி ஐந்தாகப் போகிறது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். “ஒத்திவைக்கப்படுகிறது,” என்றார் டீச்சர். ஆலோசகப் பெண் பேனாவை மூடினாள். அவ்வளவு சுலபமாக இருந்தது, எழுபத்தொன்பது தடவையும் இப்படித்தான் சுலபமாக இருந்திருக்கும்.

வெளிப்படியில் வந்து நின்றார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள், ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம், இவர் போய்க் கையைப் பிடித்தார், கை எடையே இல்லாமல் இருந்தது, ஊசி குத்திக் குத்தி மணிக்கட்டுக்கு மேலே தழும்பு ஏறியிருந்தது. “வரும்க்கா” என்று சொல்லத் தயாராக இருந்தார், வழக்கமான கேள்வி வந்தால் வழக்கமான பதில், அதிலாவது ஒரு குழப்பமும் இல்லை. அவள் கேட்கவில்லை. ஆட்டோ வரும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறந்து, டாக்டர் அளந்து கொடுத்திருக்கிற கணக்குக்குள் ஒரு மடக்கு குடித்து, மூடி, பையில் வைத்தாள். ஆட்டோவில் உட்கார்ந்து புடவையை ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

“எந்தத் தேதிக்கு வாய்தா?”

“அடுத்த மாசம் கடைசிப் புதன்,” என்று வாய் சொல்லிவிட்டது, அதற்குத் தேதி கேட்டால் சொல்லித்தான் பழக்கம். அக்கா தலையை ஆட்டினாள், “நாளைக்கு நீ வர வேண்டாம், எப்பவும்போல குமாஸ்தா கூட வர்றேன்னிருக்காரு” என்றாள், ஆட்டோ கிளம்பிவிட்டது. குமாஸ்தா அக்காவின் தெருவில்தான், இரண்டு வீடு தள்ளி, வியாழக்கிழமை வியாழக்கிழமை அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது அவர்தான், எத்தனை வருடமாக, இரண்டா, மூன்றா, போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம், கேட் போட்டிருந்தால் இன்னும் அதிகம், அவ்வளவு நேரம் இரண்டு பேரும் ஆட்டோவில் உட்கார்ந்து என்னதான் பேசுவார்கள், குமாஸ்தாவுக்குப் பேச அலுவலகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது... அலமாரியில் தேடிப் பார்த்தாயா என்றாளே, அது எந்த வருட மழை, அதற்கு முன்னாலா பின்னாலா அவள் இந்த மாடத்துக்கு வர ஆரம்பித்தது. பாலம் வருமா வராதா என்று பார்க்கத்தான் இத்தனை மாதம் அந்தப் படி ஏறினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அதைப் பார்க்கத்தான் ஏறினாளா, இல்லை இவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவா. ஓடிப் போய் நிறுத்திக் கேட்டுவிடலாம், தெரு முனையில்தான் இருக்கிறது, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, எவ்வளவு சரளமாக வந்தது. ஆட்டோ முனையில் ஒரு கணம் நின்று, கால்வாய்ப் பக்கம் வழியில்லாததால் ரயில்வே கேட்டுப் பக்கம் திரும்பியது.